மூன்றாவது வாரத்தோடு நின்றவர்கள்

பாப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். அந்த மனநல ஆராய்ச்சி நிலையத்தில் வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் இது தெரியும். கண்ணாடி மேசைக்குப் போனால் டீ வாங்கி வரும் சாக்கில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள்.

நிலையத்தில் அவள் பாப்பா இல்லை, மேடம். மருத்துவ ஆய்வுகளுக்குக் கணக்குப் போடுகிற புள்ளியியலாளர். பாப்பா என்பது வீட்டுப் பெயர். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அது உதிரவில்லை. அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவான். அவனைப் பார்த்து அண்ணியும் அப்படியே. அண்ணிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணி உளவியல் ஆலோசகர். ஊமையையும் பேசவைத்துவிடுவாள் என்று பெயர். மனச்சோர்வு நோயால் மருத்துவமனையில் படுத்து வீடு திரும்பியவர்களுக்காக அவள் ஒரு பயிற்சியை உருவாக்கியிருந்தாள். எட்டு வாரம் நடக்கும். வாரம் ஒரு நாள் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். அது உண்மையிலேயே பலன் தருகிறதா என்று பார்க்கத்தான் ஆய்வு. சம்மதித்தவர்களைக் குலுக்கல் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மாத்திரையும் டாக்டரும் மட்டும். இன்னொன்றுக்கு அவற்றோடு அண்ணியின் பயிற்சியும் சேர்த்து.

எந்தக் குழு எது என்று கணக்குப் போடுகிறவளுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மனசு ஒரு பக்கம் சாயும். பாப்பாவின் கணினிக்கு வந்தது நீலக் குழு, பச்சைக் குழு என்ற பெயர்கள்தான். அவள் கணக்கை முடித்துவிட்டாள். நீலத்தைவிடப் பச்சை கொஞ்சமும் தேறவில்லை. திரும்பவும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் பச்சையில்தான் அதிகம். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிடும்போது அண்ணி, "எப்படி வருது பாப்பா?" என்று ஆசையாகக் கேட்டாள். "சொல்லக்கூடாது அண்ணி" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டாள். பச்சை அண்ணியுடையதாக இருக்கக் கூடாதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை மாடியில் இயக்குநரின் அறையில் கூடினார்கள். பாப்பா, அண்ணி, இயக்குநர் மூன்றே பேர். இயக்குநருக்கு எப்போதும் சிரித்த முகம். வேலையை விட்டு நீக்கும்போதும் அதே சிரிப்போடு தோளில் தட்டி நீக்குவார். அவர் குழுக்களின் விவரமும் பயிற்சியின் வருகைப் பதிவும் இருந்த உறையைப் பிரித்தார்.

"பச்சைதான் பயிற்சி" என்றார்.

அண்ணியின் முகத்தைப் பார்க்கப் பாப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல பதற என்ன இருக்கு?" என்றார் இயக்குநர். "பச்சைல மூணுல ஒருத்தர் பாதியிலேயே நின்னுட்டாங்க. பயிற்சியே எடுக்காதவங்களை எதுக்குக் கணக்குல சேர்க்கணும்? முழுசா வந்தவங்களை மட்டும் எடுத்துப் போடுங்க. அவங்க எப்படி இருக்காங்க?"

வருகைப் பதிவைத் தன் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்காங்க" என்றாள் பாப்பா. உண்மை அதுதான். எட்டு வாரமும் வந்தவர்கள் பிரமாதமாகத் தேறியிருந்தார்கள்.

"பார்த்தீங்களா! அப்புறம் என்ன? சுகாதாரத் துறை அடுத்த மாசமே இதை எல்லா மருத்துவமனையிலும் ஆரம்பிக்கத் தயாரா இருக்கு."

"சார், குலுக்கல்ல விழுந்த ஒருத்தரையும் விடாம கணக்கு போடணும்னு ஆய்வு தொடங்கறதுக்கு முன்னாடியே எழுதிக் கையெழுத்து போட்டிருக்கோம். நீங்களும் போட்டிருக்கீங்க."

"எழுதறப்ப எல்லாம் எழுதுவோம். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நின்னவங்க எல்லாரும் எப்ப நின்னாங்கன்னு பாருங்க. முக்கால்வாசிப் பேர் மூணாவது வாரம் வந்துட்டு நாலாவது வாரம் வரலை. மூணாவது வாரம் என்ன நடக்குது அண்ணி?"

அலுவலகத்தில் அண்ணி என்று கூப்பிடுவதில்லை என்று இருவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. அது அன்றைக்கு நழுவிவிட்டது.

"அவங்க வாழ்க்கையிலேயே ரொம்ப மோசமான நாளைப் பத்தி எல்லார் முன்னாலயும் வாய்விட்டுச் சொல்லணும்" என்றாள் அண்ணி மெதுவாக. "அதுதான் பயிற்சியோட உயிரே. அது கஷ்டம்தான். கஷ்டத்தைத் தாண்டினாத்தானே குணமாகும்? தாண்டாம ஓடினவங்களுக்கு நான் என்ன பண்றது? மாத்திரையை முழுங்கலைன்னா அது மாத்திரையோட தப்பா பாப்பா?"

"முழுங்கினதும் வாந்தி வந்தா அது யாரோட தப்பு?"

அண்ணியின் கண் கலங்கியது. அடுத்த கணமே அது கோபமாக மாறியது. "எக்ஸெல்ல உக்காந்துக்கிட்டு நீ பேசுவே. நேர்ல ஒரு நோயாளியை நீ பார்த்திருக்கியா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அழுகையைக் கேட்டிருக்கியா?"

"நான் கேக்கலை. நீங்க கேட்டீங்களா, ஏன் நின்னீங்கன்னு? ஒருத்தர்கிட்டயாவது?"

யாரும் கேட்கவில்லை. இயக்குநர் சிரித்தபடி, "ரெண்டு பேரும் போய்த் தண்ணி குடிங்க. நாளைக்குப் பேசலாம்" என்றார்.

பாப்பா போகவில்லை. "தேர்வு எழுத வந்து பாதியில மயங்கி விழுந்தவங்களைக் கழிச்சுட்டு எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் பாஸ்னு போர்டு வைக்கிற மாதிரி இருக்கு சார் இது. அந்த போர்டுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்." கதவைச் சாத்திய வேகத்தில் மூளைப் படம் ஆடியது.

அன்றைக்கு வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு அவள் கணவர் அடுப்படிக்கு வந்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். விசில் இல்லாமலே சண்டையை நிறுத்தத் தெரிந்தவர். "எதிரணி யாரு?" என்றார்.

"உங்க மச்சான் பொண்டாட்டி."

"அடேயப்பா. நான் மைதானத்துக்கே வரலை" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தானே துலக்கினார்.

மூன்று நாள் கழித்து அண்ணன் வந்தான். வாசலில் செருப்பை விடும்போதே முகம் தொங்கிப்போயிருந்தது. தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். சட்டை முழுக்க மரத்தூள். வழக்கமாக அதைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். அன்றைக்கு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? அவ சாப்பிடறதில்லை. தூங்கறதில்லை. ஃபோனை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறா. வெளிய வந்தா கண்ணு வீங்கியிருக்கு. யார்கிட்ட பேசறேன்னு கேட்டா எரிஞ்சு விழறா."

"யார்கிட்டயாவது என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. திட்டட்டும்."

"பாப்பா, உனக்கு உடம்பு முடியாம இருந்தப்ப ராத்திரி பகலா உன் பக்கத்துல இருந்தவ அவ. உன்னை இந்த வேலைக்கு வரச் சொன்னவளும் அவ. ஏதோ ஒரு கணக்கு. அதைக் கொஞ்சம் முன்ன பின்ன போட்டா குடியா முழுகிடும்?"

அவள் அண்ணனிடம் சிறுவயதிலிருந்து எதற்கும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"முழுகும்ணா. யாரோட குடி தெரியுமா? எல்லா ஆஸ்பத்திரியிலும் இதை ஆரம்பிப்பாங்க. மூணாவது வாரம் ஒவ்வொரு ஊர்லயும் யாராவது வெளிய வந்து, வீட்டுக்குப் போகாம வேற எங்கயாவது போவாங்க. அவங்களையும் 'பயிற்சிக்கு ஒழுங்கா வராதவங்க'ன்னு இன்னொருத்தி கழிப்பா. ஏதோ ஒரு கணக்காம்! உன் பட்டறையில செஞ்ச கட்டில்ல மூணுல ஒண்ணு உடைஞ்சு, படுத்தவன் இடுப்பு போச்சுன்னா, உடையாத கட்டிலை மட்டும் காட்டி விப்பியா நீ?"

அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "விக்க மாட்டேன்" என்றான் கடைசியில். "ஆனா செஞ்சவன் மனசு எப்படி இருக்கும்னும் நினைச்சுப் பாரு." காப்பியைத் தொடாமலே போய்விட்டான்.

அவன் போன பிறகு பாப்பா அழுதாள். அழுதது கணவருக்குத் தெரியக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் நிலையத்தில் அவளுடைய மேசைக்கு ஒரு செய்தி வந்தது. இயக்குநர் வெளியிலிருந்து வேறொரு புள்ளியியலாளரை அமர்த்திவிட்டார். அவர் எட்டு வாரமும் வந்தவர்களை மட்டும் வைத்து அழகான வரைபடங்கள் போட்டுக் கொடுத்துவிட்டாராம். பாப்பாவின் பெயர் அறிக்கையில் இருக்காது, அவ்வளவுதான். "உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்று இயக்குநர் நடைவழியில் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

பாப்பா அன்றைக்கே மேற்பார்வைக் குழுவுக்கு எழுதினாள். ஆய்வுகள் நேர்மையாக நடக்கின்றனவா என்று பார்ப்பதற்காக நிலையத்துக்கு வெளியே உள்ளவர்களை வைத்து அமைத்த குழு அது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற பெண் மருத்துவர். குழு கூடியது. நீண்ட மேசையின் ஒரு பக்கம் ஐந்து பேர். எதிரே இயக்குநரும் அண்ணியும் ஒரு முனையில், பாப்பா மறு முனையில். அண்ணி இளைத்திருந்தாள். பாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாப்பா பேசினாள். கோபத்தில் கெட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். எல்லோரையும் சேர்த்தால் கணக்கு என்ன, சேர்க்காவிட்டால் என்ன, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கினாள். பயிற்சியில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, பொறுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடுவது எப்படி ஏமாற்று ஆகும் என்று சொன்னாள். தலைவர் குறித்துக்கொண்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"இதெல்லாம் சரிதான். ஆனா ஒரு விஷயம் குழுவுக்குத் தெரியணும்." சிரிப்பு இன்னும் அகலமானது. "இவங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க. அண்ணி, நாத்தனார். வீட்டுல ஏதோ மனஸ்தாபம். அது ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சு. நாத்தனார் சண்டை எப்படி இருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை."

மேசைக்கு அந்தப் பக்கம் இருவர் சிரித்தார்கள். ஒருவர் பேனாவை மூடிவைத்தார்.

பாப்பாவின் பல வருடப் படிப்பு, பல வருட வேலை, அத்தனையும் ஒரு சொல்லில் குழம்புக் கரண்டிச் சண்டையாகிவிட்டது. திரும்பவும் மருத்துவமனைக்குப் போன அந்த மனிதர்களும் அதற்குள்ளேயே போய்விட்டார்கள். கண்ணாடியைக் கழற்றக்கூடக் கை எழவில்லை. என்ன சொன்னாலும் இனி அது நாத்தனார் பேச்சுதான். கத்தினால் நாத்தனார் கத்துகிறாள். அழுதால் நாத்தனார் அழுகிறாள்.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. எழுந்தது அண்ணி.

"எங்க வீட்டுச் சண்டையை நாங்க வீட்டுல போட்டுக்கறோம் சார்" என்றாள். "அதுக்கு உங்களை நாங்க கூப்பிடலை. இந்தப் பயிற்சி என்னோடது. எட்டு வருஷமா யோசிச்சு உருவாக்கினேன். இவ சொல்ற கணக்கால எனக்கு நஷ்டமே தவிர இவளுக்கு நயா பைசா லாபம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும்."

"மேடம், உணர்ச்சிவசப்படாம..."

"படுவேன். நின்னவங்களுக்கு நான் ஃபோன் பண்ணினேன். பஸ் கிடைக்கலை, வேலையில லீவு கிடைக்கலைன்னு சொல்வாங்க, அதை இவ மூஞ்சியில எறியலாம்னுதான் பண்ணினேன். ஒருத்தர் ரெண்டு பேர் அப்படிச் சொன்னாங்க. மத்தவங்க சொன்னது வேற. ஒரு பொண்ணு மூணாவது வாரம் பேசிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் ரயில்வே கேட்டுக்கிட்ட ரொம்ப நேரம் நின்னிருக்கா. அவளோட அக்கா தேடி வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. அவ 'வராதவங்க' இல்லை. அவ வந்தா. என்கிட்டதான் வந்தா." அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாரையும் சேர்த்துக் கணக்கு போடுங்க. என் பேரையும் அதுலயே போடுங்க."

சிரித்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் இயக்குநரிடம், "நாத்தனார் சண்டைன்னு சொன்னீங்களே, அதை நடவடிக்கைக் குறிப்புல எழுதவா, எடுத்துடவா?" என்று கேட்டார். இயக்குநர் முகத்தில் சிரிப்பு இல்லாததை எல்லோரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அறிக்கை முழுக் கணக்கோடுதான் போனது. சுகாதாரத் துறை பயிற்சியை வேறெங்கும் ஆரம்பிக்கவில்லை. இயக்குநருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்களில் சுகாதாரத் துறையிலேயே இன்னும் பெரிய பதவி கிடைத்து, மாலையோடு படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டதும், பாப்பா பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தாள். அண்ணியின் பதவி உயர்வு நின்றுபோனது. அதைப் பற்றி அண்ணி வாயே திறக்கவில்லை. பாப்பாவோடு பேசினாள் என்றும் சொல்ல முடியாது. "உப்பு எடு", "மணி என்ன" என்கிற அளவில் இருந்தது பேச்சு. அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி வாங்கினான்.

ஒரு நாள் அண்ணி வந்து பாப்பாவின் மேசை முன் நின்றாள். "நின்னவங்கள்ல ஒருத்தர் ஃபோனை எடுக்கவே இல்லை. நேர்ல போய்ப் பார்க்கப் போறேன். வா."

"நான் எதுக்கு?"

"நேர்ல பார்த்ததில்லைன்னு உன்னைச் சொன்னேன் இல்லையா? வந்து பாரு."

அவர் முன்பு லாரி ஓட்டியவர். இப்போது பெரிய சாலையோரம் பஞ்சர் கடை. போனபோது ஒரு டயர் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"நீங்க ஏன் நின்னீங்கன்னு கேக்க."

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?" ட்யூபைத் தொட்டியில் எறிந்தார். தண்ணீர் மூவர் மேலும் தெறித்தது. "என் வண்டியில அடிபட்ட குழந்தையைப் பத்திச் சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். பொண்டாட்டிகிட்டகூட நான் சொன்னதில்லை அதை. நான் அழுதுக்கிட்டு இருக்கேன், நீங்க கடிகாரத்தைப் பார்த்தீங்க. 'நேரமாச்சு, அடுத்த வாரம் தொடரலாம்'னீங்க. அடுத்த வாரம்! நடுவுல ஏழு நாள் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் குழந்தையை எழுப்பி என் வீட்டுக்கு அனுப்பிட்டு நீங்க பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டீங்க."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. 'இல்லைங்க, அன்னிக்கு இன்னும் நாலு பேர் பேச வேண்டியிருந்துச்சு' என்று அண்ணி சொல்லக்கூடும் என்று பாப்பா பயந்தாள்.

"ஆமாங்க" என்றாள் அண்ணி. "கடிகாரத்தைப் பார்த்தேன். தப்புதான்."

அவர் இருவரையும் முறைத்தார். பிறகு பாப்பாவிடம், "நீங்க யாரு?" என்றார்.

"கணக்குப் போடறவ. உங்களையும் கணக்குல சேர்த்திருக்கேன்."

"நான்தான் வரவே இல்லையே."

மேற்பார்வைக் குழு முன் அவ்வளவு தெளிவாகச் சொன்னவள் அங்கே சொல்லைத் தேடினாள். "நீங்க வராம போனதுக்கு நாங்கதான் காரணம். அதனால" என்றாள் கடைசியில்.

"சேர்த்து? அதனால எனக்கு என்ன கிடைச்சுது?"

"உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலை. இனி வேற யாரையும் இப்படி உக்காத்தி வைக்க மாட்டாங்க."

அவர் குனிந்து ட்யூபை மறுபடி எடுத்தார். அதைத் துடைத்தார். "அது போதாது" என்றார். "போதாதுங்க. ஆனா சரி. வேலை இருக்கு, கிளம்புங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது இருவரின் புடவையிலும் டயர்த் தண்ணீரின் கறை. பாப்பாவுக்கு நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. மாலை போட்ட அந்தப் படத்தின் மேல் கொதித்தது. ஒன்றும் கேட்காமல் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைத்த தன் மேலும் கொதித்தது.

"என் மேல இன்னும் கோபமா?" என்றாள் அண்ணி.

"ஆமா."

"எனக்கும் உன் மேல இருக்கு. என் பயிற்சியை வாந்தின்னு சொன்னே. அதை மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம். ஆனா மூணாவது வாரத்தை அடியோட மாத்தணும் அண்ணி. தனியா, ஒருத்தருக்கு ஒருத்தர். நேரம் பார்க்காம. முடிஞ்சதும் வீடு வரைக்கும் யாராவது கூட போகணும். மறுநாள் ஃபோன் பண்ணணும்."

"அவ்வளவுக்கு ஆள் எங்கடி இருக்கு? அந்த ஆள் போன இடத்துல இருந்துக்கிட்டு இதுக்கெல்லாம் பணம் விடுவானா?"

"விட மாட்டான். போய் மேசையைத் தட்டிக் கேப்போம்."

"நீ தட்டு. உனக்குத்தான் கை நீளும்."

பஸ் வந்தது. நெரிசலில் அண்ணி முதலில் ஏறி ஓர் இருக்கையைப் பிடித்தாள். பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பாப்பா உட்கார்ந்ததும், மறுநாள் யார் முதலில் பேசுவது, என்ன கேட்பது என்று இருவரும் சண்டை போட ஆரம்பித்தார்கள். முன் இருக்கைக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் நிறுத்தவில்லை.